காத்தில்லாத திங்கக்கிழமை

பார்த்து ஏறுங்க சார், மூணாவது படி ஆடும். மீட்டரா? அதோ, மாடி ஓரத்துல கண்ணாடிக் குமிழ் மாதிரி தெரியுதே, அதுதான். வெயில் எவ்வளவு விழுதுன்னு அளந்து கீழ அனுப்பும். அதைப் பார்த்துத்தான் அடுத்த கால்மணிக்கு எவ்வளவு கரண்ட் வரும்னு கணிச்சு, கரண்ட் வாங்கி விக்கிற சந்தைக்குச் சொல்லணும். அந்தக் கணிப்பு மூணு நாளா கன்னாபின்னான்னு போச்சுன்னுதானே உங்களை அனுப்பியிருக்காங்க?

நானா? நான் காத்து சார். கரண்ட் எடுக்கிற காத்தாடிங்களோட கணிப்பெல்லாம் என் பொறுப்பு, பதினாலு வருஷமா. வெயிலைப் பார்க்கிறது எங்க மாப்பிள்ளை. ஆமா, சொந்த மாப்பிள்ளைதான், தங்கச்சி வீட்டுக்காரர். மேனேஜர்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி உள்ள இழுத்துவிட்டதே நான்தான். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்னு வைங்களேன்.

வெயில்னா சாது சார். காலையில ஏறும், சாயங்காலம் இறங்கும், நடுவுல நாலு மேகம். காத்து அப்படியா? இப்ப இருக்கும், நீங்க திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள இருக்காது. இதெல்லாம் யாரு பார்க்கிறா? யார் கணிப்பு சரியா வந்துச்சுன்னு மாசாமாசம் கீழ பலகையில எழுதுவாங்க. ரெண்டு வருஷமா முதல்ல அவரு பேரு, ரெண்டாவது என் பேரு. மொத்தமே ரெண்டு பேர்தான் இருக்கோம், அதையும் கவனிச்சுக்கோங்க.

பலகை கிடக்குது விடுங்க. என் பொண்டாட்டி துணி காயப்போடறதுக்கு முன்னாடி அவருக்குப் போன் பண்றா சார்! தம்பி, இன்னிக்கு மழை வருமான்னு. நான் பக்கத்துலதான் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கிட்டிருக்கேன். கேட்டா, நீங்க காத்துதானேங்கிறா. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

சிரிங்க, சிரிங்க. உங்களுக்கென்ன.

ஐயோ, அந்தப் பெட்டியைத் திறக்காதீங்க, மீட்டர்ல ஒரு கோளாறும் இல்லை. தன் கணக்குலதான் தப்புன்னு மாப்பிள்ளை எழுதிக் குடுத்தாரா? தெரியும். மீட்டர் சரியா இருக்குன்னு நீங்க எழுதினா அவரு வேலை போயிடும், அதுவும் தெரியும். தங்கச்சி காலையிலேர்ந்து அழுதுக்கிட்டிருக்கா.

இந்தாங்க, இதைப் பாருங்க. வெறும் பிளாஸ்டிக் தாள்தான், கொஞ்சம் மங்கலானது. குமிழ் மேல ஒட்டினா அஞ்சுல ஒரு பங்கு வெயில் கம்மியாக் காட்டும். திங்கக்கிழமை காலையில நான்தான் ஒட்டினேன். ஒரே ஒரு மாசம் அவரு பேரு ரெண்டாவதா வரணும், அவ்வளவுதான் சார் ஆசை. இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலை.

இல்லை, எடுத்தது நானில்லை. அவரு. நேத்து அந்தப் படியில நின்னு, நாலா மடிச்சு என் கையில குடுத்தாரு. திங்கக்கிழமை காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சு போல மச்சான், நான் யார்கிட்டயும் சொல்லலைன்னாரு. திங்கக்கிழமை காத்தே இருக்காதுன்னு கணிச்சு அனுப்பினவனே நான்தான். அன்னிக்குன்னு பார்த்து அது அப்படியே பலிச்சுது, ஒரு இலை அசையலை. அது அவருக்குத் தெரியாதா என்ன?

பெருந்தன்மையிலயும் மனுஷன் என்னை முந்திட்டாரு பார்த்தீங்களா. அதைத்தான் சார் தாங்க முடியலை. பேனாவை எடுங்க, நான் சொல்றதை எழுதிக்கோங்க. இந்தக் காகிதத்துலயாவது முதல்ல என் பேரு வரட்டும்.