பாதியாகக் கிழிக்க முடியாத புத்தகம்

குழந்தைகளே, நேற்றுக் காலை ஆவடியில் ரயில் ஏறினேன். எதிரே இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் புத்தகம் படிக்கும் புதுக் கருவி இருந்தது. மற்றவர் அதைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இத எப்படி மாமே பாதியா கிழிப்பே?"

"இன்னாத்துக்கு சலீமு கிழிக்கணும்?"

"கடையில வாங்குன புக்க நடுவுல கிழிச்சு, ஆளுக்குப் பாதி படிச்சோமே! இனிமே நீ படிச்சுகினு வருவே, நான் ஜன்னலப் பாத்துகினு வரணுமா?"

"நகந்து ஒக்காரு. எழுத்தப் பெருசாக்கிட்டேன், சேந்தே படிக்கலாம்."

இருவரும் தலையை ஒட்டிக் குனிந்தார்கள்.

"பக்கத்தத் தள்ளாத, நான் இன்னும் முடிக்கல" என்றார் சலீம்.

"ஆமையாட்டம் படிக்கிறியே!"

"சிரி, சிரி. எப்பவும் முன்பாதிய நீ எடுத்துக்குவே. முடிவத் தெரிஞ்சுகினுதான் நான் ஆரம்பத்தையே படிப்பேன். இன்னிக்குத்தான் ஒரு கதைய மொதல்லேர்ந்து படிக்கிறேன்."

அம்பத்தூர் வந்தது. கருவிக்காரர் எழுந்தார்.

"நான் இல்லாம மேல படிச்சிடுவியா?" என்றார் சலீம்.

"அப்போ நீயே வெச்சுக்க. சாயங்காலம் படிக்கலாம்."

கருவியை நண்பரின் மடியில் வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார். சலீம் அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். பிறகு, இறங்கும் வரை சிரித்த முகத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.