தோள் பார்க்கிறவர்கள்

எண்பத்தேழாம் ஆண்டில், ரொறன்ரோவின் மல்வேர்ன் பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இருந்த இரண்டு தமிழர்களும் இயக்கத்துக்கு ஆள் பிடிக்கக் கனடா வரைக்கும் வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். வீட்டில் பதினேழு வயதில், ஆறடி உயரத்தில் எனக்கும் ஒருவன் இருந்தான்.

"பெடியனைப் பாத்தாச்சோ, அண்ணை?"

"ஓம். கை நல்ல நீளம். தகப்பனையும் கூப்பிட்டுப் பாத்தவை."

"தகப்பனை ஏன்?"

"அந்தாளின்ரை தோளைப் பாத்தால்தானே இவனுக்கு இன்னும் எவ்வளவு உடம்பு வைக்கும் எண்டு தெரியும்."

நான் என் தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். மகனைக் காப்பாற்ற அந்த நேரத்தில் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"பிறகு?"

"முழங்கை சரியில்லையாம். வேண்டாம் எண்டிட்டினம். அவனுக்கு இன்னும் தெரியாது. நேற்றும் என்னைப் பாத்துச் சிரிச்சவன்."

"ஐயோ. ஆர் சொல்லுறது?"

"ஒருத்தரும் வாயாலை சொல்லமாட்டினம். வந்து பாக்கேக்கை அலுமாரியிலை அவன்ரை பேர் இராது."

"பேரை ஆர் கழட்டுறது?"

"நான்தான். அவன் வரமுந்திக் கழட்டவேணும்."

தொடர்ந்த பேச்சில்தான் விளங்கியது. அண்ணை, ஒரு பேஸ்போல் அணியில் பழகும் இளம் ஆட்டக்காரர்களின் உடுப்புத் தோய்க்கிறவர்; தோள் பார்த்தது அந்த அணிக்கு ஆள் தெரிகிறவர்கள். அந்தப் பெடியனின் உடுப்பு அலுமாரியிலிருந்து பெயரைக் கழற்றத்தான் வேலைக்கு வெள்ளனப் போய்க்கொண்டிருந்தார்.