சாவியில் தொங்கிய அட்டை

எஞ்சின் ஒயிலை மாற்றுவதற்கு முன் எஞ்சினைப் பத்து நிமிடமாவது ஓட விட்டுச் சூடாக்க வேண்டும். சூடான ஒயில்தான் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். லண்டனில் படகு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. பிறகு ஏப்ரலில் எஞ்சின் கிளம்பாது. கடவுளையும் கவுன்சிலையும் சேர்த்துத் திட்டுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. முப்பத்திரண்டு வருடம் பஸ் கராஜில் டீசல் எஞ்சின்களோடு குடித்தனம் நடத்தியவன்.

எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து என் சொந்த வார்த்தையில் எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன், பெரிய மனது பண்ணிச் சம்மதித்தீர்கள். மொழிபெயர்க்கப் போகிற பிள்ளை பிரியந்திக்கு என் கையெழுத்து ஒரு கஷ்டமும் தராது. பிளேஸ்டோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்தொன்பது வருடம் பலகையில் எழுதிய கை இது. அங்கே என்னைப் பாலேந்திரா மாஸ்டர் என்பார்கள். உங்கள் பொலிஸ் தாளில் 'சந்தேக நபர்' என்று போட்டிருக்கிறது. பரவாயில்லை, அவரவர் மரியாதை அவரவர் அலுவலகத்தில்.

என்னிடம் இருப்பது இருபத்திரண்டு அடிப் படகு. லீ ஆற்றில் கட்டியிருக்கிறேன். படுக்க ஒரு சின்ன அறை, அதன் தரைப் பலகைக்குக் கீழே எஞ்சின். என் ஒரே மகள் ஆரணியின் பெயரைத்தான் அதற்கு வைத்தேன். ஓய்வு எடுத்த பிறகு வாங்கியது. மனைவி தவமலர் அதில் ஒரு தரம் ஏறினாள், வாந்தி எடுத்தாள், அதோடு சரி. ஆரணி மட்டும் கோடைக்குக் கோடை வந்து என்னோடு உட்கார்ந்திருப்பாள். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு பேராக வந்து உட்கார்ந்தார்கள்.

என் மருமகன் பெயர் டெனுசன். இந்தப் பெயருக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன். நாங்கள் எல்லாம் விசாவுக்காக விடியற்காலையில் போய் வரிசையில் நின்ற குரோய்டனில், அவர் ஒரு படிவமும் நிரப்பாமல் பிறந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான பிள்ளை. குடிக்க மாட்டார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார். தவமலருக்கு முழங்கால் வலி என்றால் மருந்துக் கடைக்கு ஓடுவார். அவள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். குறை உள்ள மருமகன் என்றால் ஒரு நாள் மகள் அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பி வருவாள் என்று ஒரு தகப்பன் நம்பிக்கையோடு இருக்கலாம். இந்த ஆளிடம் அதற்கும் வழியில்லை.

ஒக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆரணி விஷயத்தைச் சொன்னாள். டெனுசனுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்திருக்கிறது. அவளும் அங்கே ஒரு வேலை தேடிக்கொண்டுவிட்டாள். சனவரி ஒன்பதாம் திகதி பயணம். திரும்பி வருவீர்களா என்று கேட்டேன். பார்ப்போம் என்றாள். அந்த 'பார்ப்போம்' எத்தனை வருடத்துக்குச் செல்லுபடியாகும் என்று எனக்குத் தெரியும். நானே ஒரு காலத்தில் அதைச் சொல்லிவிட்டு விமானம் ஏறியவன்.

நான் அவளோடு முறையாகத்தான் கதைத்தேன். மிரட்டவில்லை, நெஞ்சு வலி என்று நடிக்கவில்லை. எனக்கு அறுபத்தாறு வயது, அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை, நீ ஒருத்திதான் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"நீங்களும் உங்கட அப்பாவை விட்டிட்டுத்தானே அப்பா வந்தனீங்கள்?"

அது யுத்தம், இது சம்பள உயர்வு என்று சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பயம் வந்தது. இந்த வீட்டில் நானும் தவமலரும் அவளுடைய தொலைக்காட்சித் தொடரும் மட்டும் மிஞ்சுவோம் என்ற பயம். இதை நான் ஒளிக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசி வாரம் படகை வழக்கம்போல் குளிர்காலத்துக்குத் தயார் செய்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். நவம்பரில் குளிர் வருவது என் ஏற்பாடு இல்லை, மேடம்.

ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். டீசல் டாங்கை வாய் வரை நிரப்பினேன். பாதி டாங்க் என்றால் உள்ளே ஈரம் பிடிக்கும். எஞ்சினைக் குளிர்விக்க ஆற்றிலிருந்து வரும் தண்ணீரை அடைத்து, உள்ளே நின்றதை ஒரு சொட்டு விடாமல் வடித்தேன். நின்ற தண்ணீர் உறைந்தால் இரும்பைப் பிளந்துவிடும். புகை வெளியே போகும் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தது. அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன், வசந்தத்தில் புதிது போடலாம் என்று. ஹீட்டரையும் கொண்டு வந்தேன், படகில் விட்டால் களவு போகும். விஷப் புகை வந்தால் கத்துகிற அந்த வெள்ளை அலாரத்திலிருந்து பற்றறியை எடுத்தேன். மாதக் கணக்கில் சும்மா கிடந்தால் பற்றறி கசிந்து அலாரத்தைக் கெடுத்துவிடும் என்று கையேட்டிலேயே இருக்கிறது, வாசித்துப் பாருங்கள். காற்றுத் துவாரங்களை டேப் போட்டு ஒட்டினேன், எலி வராமல் இருக்க. அப்படி ஒட்டவே கூடாது என்று உங்கள் நிபுணர் சொல்கிறாராம். அவருக்கு லீ ஆற்று எலிகளோடு பழக்கமில்லை போலிருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை உண்டு. அக்கறை உள்ள எந்த மெக்கானிக்கும் அதைச் செய்வான். என்னென்ன கழற்றினோம், எதை அடைத்தோம் என்று ஒரு அட்டையில் எழுதி எஞ்சின் சாவியில் கட்டித் தொங்க விடுவது. ஆறு மாதம் கழித்து வரும்போது நாமே மறந்துபோயிருப்போம் அல்லவா? நானும் எழுதினேன். 'எச்சரிக்கை. புகைக் குழாய் கழற்றப்பட்டுள்ளது. அலாரம் வேலை செய்யாது. எஞ்சினை இயக்க வேண்டாம். இயக்கினால் உயிருக்கு ஆபத்து.' கறுப்பு மையில், பெரிய எழுத்தில், ஒற்றுப்பிழை இல்லாமல். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படி எச்சரிக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

டிசம்பர் முதலாம் திகதி அவர்கள் தங்கள் ஃப்ளாட்டைக் காலி பண்ணிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், பயணம் வரைக்கும் தங்க. டெனுசனுக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு மெல்பேர்ன் ஆட்களோடு கணினியில் கூட்டம். எங்கள் வீட்டுச் சுவர்கள் காகிதம். நான் குசினியில் தும்மினால் மெல்பேர்னில் கேட்கும். மனுஷன் குளியலறைக்குள் கதிரை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தார், ஒரு முறைப்பாடும் சொல்லாமல். பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் டிசம்பர் பதினோராம் திகதி பின்னேரம் படகுச் சாவிகளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"தம்பி, அங்க போய் இருந்து வேலை செய்யுங்கோ. ஒருத்தரும் குழப்ப மாட்டினம்."

"தாங்ஸ் அங்கிள், நீங்கள் எப்பவும் என்னைப் பற்றி யோசிக்கிறீங்கள்" என்றார். அது உண்மை. அந்த மாதம் முழுக்க நான் வேறு எதைப் பற்றியும் யோசிக்கவில்லை.

அட்டை சாவியில்தான் தொங்கியது. அவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்து, அவிழ்த்து, படகு அறைக்குள் உயரத்தில் இருந்த தட்டில் நிமிர்த்தி வைத்திருந்தார் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறது, மாஸ்டர் எழுதியிருக்கிறார், ஏதோ தேவாரமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். கால் படாத இடத்தில் மரியாதையாக வைத்துவிட்டு எஞ்சின் சாவியைத் திருகியிருக்கிறார். நல்ல வளர்ப்பு. தாயைப் பாராட்ட வேண்டும்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று மூன்று தரம் கேட்டீர்கள். தெரியுமாவா? கல்யாணக் கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு 'அழகாக இருக்கு அங்கிள்' என்று சொன்ன மனிதர். அந்தக் கதையை நான் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹரோவிலும் எத்தனை மண்டபங்களில் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன் தெரியுமா? அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் எழுதும் நேரத்தில் அதெல்லாம் ஞாபகம் வருமா? தமிழன் ஒருவன் தன் படகில் தமிழில் எழுதி வைத்தான். எந்தச் சட்டத்தில் இது குற்றம் என்று பிறகு சொல்லுங்கள்.

மறுநாள், பன்னிரண்டாம் திகதி காலை ஒன்பதரைக்கு ஆரணி எழும்பினாள். அவருக்குச் சாப்பாடு கொண்டு போகிறேன் என்று ரொட்டியும் சம்பலும் கட்டினாள். கூட்டம் நடக்கும், குழப்பாதே என்றேன். பத்து மணிக்குத் திரும்பவும் கிளம்பினாள். தேநீர் குடித்துவிட்டுப் போ என்றேன். போன் எடுக்கிறார் இல்லை என்றாள். கூட்டத்தில் எப்படி எடுப்பார் என்றேன். பத்தரைக்கு அவள் சப்பாத்துப் போட்டுவிட்டாள், அதற்கு மேல் பிடித்து வைக்க முடியவில்லை. வாசலில் வைத்து நான் சொன்னதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லுக்குச் சொல் சரிதான்.

"உள்ளுக்குப் போகாதை பிள்ளை. வெளியில நிண்டு கூப்பிடு."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நீங்கள் கேட்டபோது, உறைபனியில் படகுத் தளம் வழுக்கும் என்றேன். வழுக்கும்தான். அவள் எங்கே கேட்டாள்? கதவை இழுத்துத் திறந்து, உள்ளே குதித்து, அவரைத் தோளில் பிடித்து வெளியே இழுத்திருக்கிறாள். ஆறடி மனுஷனை. அம்புலன்ஸ் வந்தபோது அவர் உயிர் போய் இரண்டு மணி நேரம் இருக்கும் என்றார்கள். அவளையும் ஒரு நாள் முழுக்க ஒக்சிஜன் கொடுத்து வைத்திருந்தார்கள். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். எஞ்சினும் தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடேறி இறுகிவிட்டது, அது வேறு.

அட்டையை உங்களுக்கு வாசித்துக் காட்டியவளும் ஆரணிதான் என்று அறிந்தேன். பிரியந்தி வருவதற்குள் அவளே வாங்கி, ஓர் இடத்திலும் தடங்காமல் வாசித்தாளாம். ழகரம் எல்லாம் சரியாக வந்திருக்கும். நான் படிப்பித்த பிள்ளை.

அவள் இப்போது குரோய்டனில், டெனுசனின் தாயோடு இருக்கிறாள். என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று தவமலரிடம் சொல்லி விட்டிருக்கிறாள். கோபம் ஆறும். மெல்பேர்ன் என்றால் இருபத்திரண்டு மணி நேரப் பயணம். குரோய்டன் ஒன்றேகால் மணி நேரம்தான், ரயில் ஓடினால். ஒரு தகப்பனுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. அவள் சனவரி ஒன்பதாம் திகதி எங்கேயும் போகவில்லை.

நேற்று டெனுசனின் கைபேசியை என் முன்னால் வைத்தீர்கள். அன்று காலை ஏழு முப்பத்தெட்டுக்கு அவர் கேட்டது: அங்கிள், சரியான குளிர், ஹீட்டரைக் காணேல்லை. ஏழு நாற்பதுக்கு நான் அனுப்பியது: எஞ்சினைப் போடுங்கள், கதவை இறுக்கிச் சாத்துங்கள், பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். இரண்டும் ஆங்கிலத்தில். அட்டையைத் தமிழில் எழுதிய மனிதர் இதை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்று கேட்டீர்கள். நான் தண்ணீர் கேட்டேன். நீங்கள் எழுந்து போய் எடுத்துவந்து தந்தீர்கள். அந்த மரியாதைக்காகப் பதிலை எழுதிவிடுகிறேன்.

எச்சரித்திருந்தேன் என்று பிறகு காட்டுவதற்காக அட்டையை எழுதினேன். இந்தச் செய்தி அவருக்கு விளங்க வேண்டியிருந்தது.