சபையில் காட்டிய போட்டோ

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்: "தாமல் வண்டி வந்தா சொல்லும்மா. ரெண்டு கண்ணுலயும் புரை."

"உங்க பொண்ணு கண்ணாஸ்பத்திரி நர்ஸுதானே?" என்றார் இளையவர்.

"ஆப்பிரிக்காவுல, மிஷன் ஆஸ்பத்திரியில சேவை பண்ணிக்கினு இருக்குது. இங்க இலவச கேம்புல ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னா வேணாங்குது. நானே வந்து ஆபரேஷனுக்குக் கூட்டிக்கினு போறேன்னு ரெண்டு வருஷமா சொல்லுது."

"வரலியா?"

"அங்க ஆளில்லையாம். இங்க எனக்கு மட்டும் யாரு இருக்காங்க?"

மூத்தவரே தொடர்ந்தார்.

"போன ஞாயித்துக்கிழமை சபையில அதோட போட்டோவைத் திரையில காட்டுனாங்க. ஆபரேஷன் ஆன யாரோ ஒரு அம்மாவுக்குக் கட்டு அவுக்குதாம். எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன். அப்புறமா பக்கத்துல இருந்தவங்களைக் கேட்டேன், எம் பொண்ணு எளச்சிருக்குதான்னு."