சர்வர் முகவரி கட்டாயமில்லை

“எந்த டேட்டாபேஸ்ல கை வச்சே நீ? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?” என்று கலையரசன் கத்தினான்.

“அக்கா எழுதனத பாத்துதாங்க அடிச்சேன். சர்வர் முகவரி கட்டாயமில்லன்னு போட்டிருக்குது, நீங்களே பாருங்க.” ஜெயசுதாவும் குரலைத் தணிக்கவில்லை.

அந்த அக்கா நான்தான், சார். அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கள்ளக்குறிச்சி ஆபீசில் சாயங்கால டீ நன்றாக இருக்கும்.

எங்கள் கம்பெனி ஒரு ரத்த வங்கியின் டேட்டாபேஸைப் பராமரிக்கிறது. கொடையாளர் பெயர், ரத்தப் பிரிவு, போன் நம்பர் எல்லாம் அதில்தான். பழகிப் பார்க்க ஒரு நகல், வேறு சர்வரில். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும்போது சர்வர் முகவரியையும் சேர்த்து அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் எங்கள் கம்ப்யூட்டர்கள் நேராக அசலுக்கே போய்விடும். பழைய வழிகாட்டியில் இதைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள். படிக்க லேசாக இருக்கும்படி திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். திருத்தினேன். ‘முகவரி கட்டாயமில்லை’ என்பதை வைத்துக்கொண்டு சிவப்பு வரியை எடுத்துவிட்டேன். நான் எழுதியதில் ஒரு பொய் காட்டுங்கள், பார்ப்போம்.

ஜெயசுதா நகலைக் காலி செய்யப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் கலையரசனுக்கும் நிச்சயமாகியிருப்பதும் தெரியும், தியாகதுருகம் ஜவுளிக்கடைக்காரர் சொல்லி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். எனக்கு ஜவுளிக்கடைக்காரரா சொல்ல வேண்டும்? கொஞ்சம் திட்டு வாங்கட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அவள் முகவரி இல்லாமல் அடித்ததில் அசலே காலியாகிவிட்டது. சண்டைக்கு நடுவில் ரத்த வங்கியிலிருந்து போன். கல்வராயன் மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த பச்சையம்மாள் என்ற பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லையாம். லேசில் கிடைக்காத பிரிவு. “யாரைக் கூப்புடறதுன்னே தெரியலீங்க. ஒரே ஒரு நம்பராச்சும் குடுங்க.”

நம்பர்கள் முழுதும் என் கம்ப்யூட்டரில் இருந்தன. ஊரில் யாருக்கு என்ன ரத்தம் ஓடுகிறது என்று வேடிக்கை பார்க்க எடுத்து வைத்திருந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் கலையரசன் அப்போதுதான் “கல்யாணமும் வாணாம், ஒண்ணும் வாணாம்” என்று ஆரம்பித்திருந்தான். இரண்டு பேர் குடும்ப விஷயம் பேசும்போது எப்படிக் குறுக்கே போவது?

மறுநாள் பேக்கப்பிலிருந்து எல்லா விவரமும் திரும்பி வந்துவிட்டது. பச்சையம்மாள் முதல் நாள் பொழுது சாயும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தை பிழைத்தது.

ஜெயசுதா கல்யாணம் நின்றுபோய் ஓசூர் பக்கம் போய்விட்டாள். கலையரசன் தை மாதம் திருக்கோவிலூர்ப் பெண் ஷாலினியைக் கட்டிக்கொண்டான். பச்சையம்மாளின் புருஷன் வேடியப்பன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேரளாவுக்கு, மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டானாம். குழந்தை அம்மா ஜாடையா அப்பா ஜாடையா என்றுதான், யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.