தொண்டைமானாத்து ஓங்கில்

இல்லை டொக்டர், நான் மறிக்கேல்லை. கொண்டுபோய்க் கடலிலை விடத்தானே வந்தனீங்கள், விடுங்கோ. அதுக்கு முன்னம் நான் சொல்லுறதை ஒருக்கா நிண்டு கேட்டிட்டுப் போங்கோ. உங்கடை ஆக்கள் வாகனத்திலை இருக்கட்டுமன்.

ஓம், ஓங்கிலை, நீங்கள் சொல்லுற டொல்பினை, அடைச்சு வைக்கிறது குற்றமெண்டு தெரியும். நான் பிடிக்கேல்லையே. அறுந்த வலையொண்டு செட்டையிலை சுத்தினபடி அதுவாத்தான் இந்த முகத்துவாரத்துக்கை வந்து சேந்தது. பதினெட்டு நாளாச்சு. பக்கத்து மீன்வாடி நமசிவாயம் அண்ணைதான் கத்தியாலை வலையை வெட்டி எடுத்தவர். காயம் ஆறட்டும், பிறகு விடுவம் எண்டுதான் தடி நட்டு அடைச்சனாங்கள். காயம் எப்பவோ ஆறீட்டுது. திறந்துவிடு தயாளினி எண்டு அவர் ஒவ்வொரு நாளும் வந்து சொல்லுறார். நான்தான் மாட்டனெண்டு நிக்கிறன்.

முதல் மூண்டு நாளும் ஒண்டும் தின்னேல்லை. இடுப்பளவு தண்ணியிலை நிண்டு சூடை மீனை நீட்டினா, தள்ளிப் போய் ஒரு கண்ணாலை என்னையே பாத்துக்கொண்டு நிக்கும். நாலாம் நாள் காலமை விசிலடிச்சுது. கட்டையா ரெண்டு, நீட்டா ஒண்டு. நான் அப்பிடியே தண்ணிக்கை இருந்திட்டன். பிறகு நானும் அதேமாதிரி அடிச்சன். உடனை கிட்ட வந்து என்ரை கையிலை மூஞ்சியை வைச்சுது டொக்டர். அண்டைக்குத்தான் தின்னத் துவங்கினது.

இப்ப நாள் முழுக்க எனக்கு உதுதான் வேலை. பொம்பிளை தண்ணிக்கை நிண்டு விசிலடிக்கிறாள், விசர் பிடிச்சிட்டுதெண்டு சனம் கதைக்குது. கதைக்கட்டும். வேறை எத்தினையோ விதமா அடிச்சுப் பாத்திட்டன், ஒண்டுக்கும் திரும்பாது. உதுக்கு மட்டுந்தான் மறுமொழி சொல்லும்.

நானோ? இல்லை, நான் பழக்கேல்லை. அதைத்தானே சொல்ல வாறன். கேட்ட சத்தத்தை அப்பிடியே திருப்பி அடிக்குங்கள் எண்டு நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்? ஒருதரம் ரெண்டுதரம் கேட்டா காணாது, கனநேரம் கேட்டிருக்க வேணும் எண்டும் சொன்னியள். அதைக் கேட்டுத்தான் உங்களை நிக்கச் சொன்னனான்.

உந்தப் பெட்டிக்கை இருக்கிறது தண்ணிக்கடியிலை சத்தம் கேக்கிற மெசின்தானே? நீங்கள் உதுகளைப் பற்றிப் படிச்சனீங்கள். உதுகளின்ரை கதை கொஞ்சமெண்டாலும் விளங்கும். அதிட்டை ஒரேயொரு கேள்வி கேட்டுத் தாங்கோ. பிறகு கொண்டுபோங்கோ. கோட்டு வழக்கு, பொலிஸ் எதுக்கெண்டாலும் வாறன்.

அந்த வலை என்ரை மனிசன்ரை. கரைக்குக் கிட்ட வரேக்கை எனக்கு அவர் அடிக்கிற விசில்தான் உது. இது வர முந்தின கிழமை கடலுக்குப் போனவர். அவற்றை போட் கவிண்டபடி மயிலிட்டிப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது, ஆளைக் காணேல்லை. தேடினவை எல்லாரும் பத்து நாளோடை விட்டிட்டினம். கடலிலை எந்தப் பக்கத்திலை கிடந்து அடிச்சவர் எண்டு மட்டும் கேளுங்கோ.