ரெண்டு கட்டை வெரல்லயும் சுழி

அழுத்தித்தானுங்க அம்மிணி வெரல வெச்சேன். இருவத்தாறு வருசமா லாரியில தார்ப்பாய்க் கயிறு இழுத்த கை, ரேகை மங்கலாத்தான் உழும். வேணுமின்னா இன்னொருக்கா மையத் தடவுங்க.

பேரு கதிர்வேலு. ஊரு ஆட்டையாம்பட்டி. சக்கரை பன்னெண்டு வருசம், பிரசரு நாலு வருசம்.

ஏனுங்க, இந்த ரேகையெல்லாம் தாய் வயித்துலயே உழுந்துருமுங்களா? பொறவு மாறவே மாறாதா? அப்பறம் எதுக்குங்க என்னைய இத்தன வருசமாப் பேசுனாங்க? பரோட்டா தின்ன, நடக்கல, நீயா இழுத்துக்கிட்டதுன்னு டாக்டரு போறப்பெல்லாம் வெய்யறாரு. ஊட்டுல சௌந்திரம், என்ற சம்சாரமுங்க, சோத்துக் குண்டாவ எட்டத் தள்ளி வெக்கறா. இப்ப நீங்க வந்து, சக்கரை இருக்கறவங்க வெரல் ரேகையில வட்டமாச் சுத்தற சுழி சாஸ்தியா இருக்குதான்னு படிக்கறோமுங்கறீங்க.

கோவமெல்லாம் இல்லீங்க. கோவமுந்தான்.

அப்பச் சுழி இருந்தாச் சக்கரை வந்துருமா? அட, நூத்துக்கு இத்தன பேருன்னுதான் சொல்லுவீங்க, ஒரு ஆளப் பாத்துச் சொல்ல மாட்டீங்க. அப்பறம் எதுக்குங்க ஒவ்வொருத்தங் கையாப் புடிச்சு மை தடவறீங்க?

செரி, இந்தக் காயிதத்தக் கொஞ்சம் பாருங்க. போன வாரம் ரேகை குடுக்க வந்த தங்கசாமியண்ணங்கிட்ட நீங்க சுழியப் பத்திச் சொன்னதக் கேட்டுட்டுப் போயி, ஸ்டாம்பு பேடுல ஒத்தி எடுத்தேன். என்ற கை இல்லீங்க, அளவப் பாத்தாத் தெரியல? எம் புள்ள தனப்பிரியா. ஆறாவது படிக்கறா. ரெண்டு கட்டை வெரல்லயும் சுழி, அப்படியே என்னுது.

சும்மா ஒண்ணும் கேக்கலீங்க. ஒரு மாசமாத் தண்ணியாக் குடிக்கறா. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பாட்டலு கொண்டு போனாலும் பத்தறதில்ல. பாவாட இடுப்புல நிக்கல. வெயிலுக்கு அப்படித்தான்னு சௌந்திரம் சொல்றா. நானும் ஆமாங்கறேன்.

ரத்தமா? தெரியுமுங்க. வெரல்ல குத்துனா ஒரு நிமிசத்துல சொல்லிரும். மிசினு ஊட்டுலயே இருக்குது, தெனமும் எனக்கு நானே குத்திக்கறேன். அவ வெரலப் புடிச்சா மட்டும் ஊசிய மூடி வெச்சர்றனுங்க. மூணு நாளாக் குத்தப் பாத்துட்டேன். அதுக்குத்தான் இந்தக் காயிதத்தத் தூக்கிட்டு வந்தேன். இதப் பாத்து அவளுக்குச் சக்கரை இல்லைன்னு சொல்லிருவீங்கன்னு.

புள்ளையும் வந்திருக்கறாளுங்க. வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்கறா. நீங்களே போயிக் குத்திப் பாத்துருங்க அம்மிணி. நா இங்கயே இருந்துக்கறேன்.